அறுபத்து மூன்று டியூன்

ரஸ்லான் பாய், போன செவ்வாய்க்கிழமை உங்கள் கார் பட்டறையில் கொடுத்த தே ஓ, பால் சேர்க்காத அந்தத் தேநீர், நன்றாக இருந்தது. சீனி அளவாக இருந்தது. அளவாகச் சீனி போடத் தெரிந்தவர்களை எனக்குப் பிடிக்கும். உங்கள் மனைவி நாதியாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியையும் கேட்டேன். "அக்கா, வண்டியோட வந்த லேப்டாப்ப தொறந்தேன். உள்ள அறுபத்து மூணு டியூன் இருக்கு. ஒண்ணொண்ணுக்கும் ஒரு பேரு. அண்ணன் செஞ்ச வேலை மாதிரி தெரியல. நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் அண்ணன்கிட்ட பேசுறேன்" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நேரில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, ஆலையில் வேலை குறைவு. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருக்கும் செம்பனை ஆலையின் லேப்பில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். எண்ணெயில் எவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும் சொட்டில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தப்பு. பொறுமை இருந்தால் போதும், பெரிய படிப்பு தேவையில்லை.

என் கணவர் புனிதனை உங்களுக்குத் தெரியும். தண்ணீர் நிலையத்தில் பம்பு பார்க்கிறவர், சாது. இரண்டு வருடத்துக்கு முன் கிள்ளான் பையன் ஒருவனிடம் அந்தப் பழைய வீரா காரை வாங்கினார். வெளியே பார்த்தால் வாத்தியார் ஓட்டுகிற வண்டி. உள்ளே வேறு இன்ஜின், டர்போ, தொழிற்சாலை வைத்த கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு கம்ப்யூட்டர். விற்றவன் ஒரு லேப்டாப்பையும் கேபிளையும் பையில் போட்டுக் கொடுத்து, "டியூன் எல்லாம் செட் லா அண்ணே, கை வெச்சிடாதீங்க" என்றானாம். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பையைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார். திறந்து பார்த்ததேயில்லை. முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழத்தை எப்படி நம்பினாரோ, அப்படித்தான் பின்னால் இருந்த பையையும் நம்பினார்.

சனிக்கிழமை காலைகளில் இவரும் கூட்டாளி கணேஸ்வரனும் இன்னும் இரண்டு பேரும் நான்கு வண்டிகளில் கிளம்புவார்கள். செக்கிஞ்சான் வயல் ஓரமாகப் பறந்து, பாகான் நக்கோடா ஓமார் வரை போய், மீன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை நான்கு மணி. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் நானும் உடன் போனபோது ஒரு சத்தம் கேட்டது. பால் டின்னில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போல, மிதிக்கும்போதெல்லாம். "ஏங்க, என்ன சத்தம் அது?" என்றேன். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அந்த வாரமே லேப்டாப்பைத் திறந்தேன். காலையில் அவர் குளிக்கும் நேரத்தில், கால்மிதி தட்டுவதாகச் சொல்லிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வேன். டியூன் என்றால் ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன். அது வெறும் அட்டவணை, பாய். பதினாறு வரிசை, பதினாறு பத்தி. பக்கவாட்டில் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, மேலே எவ்வளவு காற்று உள்ளே போகிறது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். ஒரு அட்டவணை பெட்ரோலுக்கு, இன்னொன்று நெருப்புப் பொறிக்கு. 'இவ்வளவு சுற்றும்போது, இவ்வளவு மூச்சு வாங்கினால், இவ்வளவு குடி, இந்த நொடியில் பற்ற வை' என்று இன்ஜினுக்கு யாரோ எழுதி வைத்த உத்தரவு. நான் பதினோரு வருடமாக இப்படிப்பட்ட அட்டவணைகளைத்தான் பார்க்கிறேன். மூன்று வாரத்தில் பிடிபட்டுவிட்டது.

கிள்ளான் பையன் அந்த டியூனைத் தரம் கூடிய தொண்ணூற்றேழு பெட்ரோலுக்கு எழுதி வைத்திருந்தான். இவர் ஊற்றியது விலை குறைந்த தொண்ணூற்றைந்து. பொறி சீக்கிரமே பற்றிக்கொள்கிறது. அந்தச் சில்லறைச் சத்தம் இன்ஜின் உள்ளேயே தன்னை அடித்துக்கொள்ளும் சத்தம். ஒரு சனிக்கிழமை காலை, கூட்டாளிகள் எல்லாம் வாசலில் நின்றபோது, சந்தோஷமாக இதைச் சொல்லப் போனேன்.

"அதெல்லாம் உனக்கு ஏம்மா? நீ லேப்ல எண்ணெயைக் கலக்கு, போதும்" என்றார். கணேஸ்வரன் சிரித்தார். அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த நாளே பொறி நேரத்தை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினேன். சில்லறைச் சத்தம் நின்றது. அதுதான் முதல் டியூன். அதன் பெயரைப் பாருங்கள், 'பாதுகாப்பு' என்றுதான் வைத்திருக்கிறேன். அந்த இன்ஜின் இரண்டு வருடம் உயிரோடு இருந்ததற்கு நான் காரணம். இதை யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது டியூன் என் அம்மா சம்பந்தப்பட்டது. ஈஜோக்கில் அம்மா வீட்டுக் கூரை ஒழுகியது. சனிக்கிழமை வந்து பார்ப்பதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார், மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமையே அது தெரிந்துவிட்டது, மறுநாள் பயணத்துக்காக வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே விசிலடித்தார். மறுநாள் காலை நான் ஆறு டிகிரி குறைத்தேன், டர்போவின் காற்றையும் பாதியாக்கினேன். இன்ஜினுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. வண்டி மட்டும் ஈரத்துணி சுமப்பது போல் போகும். பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார். "என்னன்னு தெரியல, இழுக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, செய்ய வேறு வேலை இல்லாமல், என் அம்மா வீட்டுக் கூரையை அடைத்தார்.

எங்கள் லேப்பில் ஒரு முடிவை மூன்று முறை செய்து பார்க்காமல் எழுத மாட்டோம். ஆகவே மூன்று முறை செய்து பார்த்தேன். முடிவு மாறவில்லை.

இதில் கெட்டது மட்டும்தான் இருந்தது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. கூரை அடைத்த மறுநாள் காலை டிகிரிகளைத் திருப்பிக் கொடுத்தேன், கூட அரை டிகிரியும் சேர்த்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல வாசலிலிருந்தே கூப்பிட்டார். "குமுதா, இன்னிக்கு வண்டி பறக்குது." அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதனை அரை டிகிரியில் அவ்வளவு சந்தோஷப்படுத்தலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பத்து வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் சமைத்த எதற்கும் அந்த முகம் வந்ததில்லை.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். துணி காயப்போட்டால் ஒரு டிகிரி. பாத்திரம் கழுவினால் அரை. நான் பேசும்போது போனைப் பார்த்தால் இரண்டு டிகிரி கழிவு. ஒவ்வொன்றையும் தேதியும் காரணமும் போட்டுச் சேமித்தேன், சாம்பிள் பாட்டிலில் சீட்டு ஒட்டுவது போல. நீங்கள் பார்த்த 'மீன் வாங்க மறந்தார்', 'அம்மாவிடம் சிரித்தார்', 'தானாகவே குப்பை கொட்டினார்' எல்லாம் அவைதான். அறுபத்து மூன்று என்று நீங்கள் சொன்னபோது நாயன்மார் கணக்கு நினைவுக்கு வந்தது. நான் திட்டமிடவில்லை, தற்செயல்தான்.

அவர் முதலில் பெட்ரோல் கடையைச் சந்தேகப்பட்டார். பிறகு மழையை. எலுமிச்சம்பழத்தை வாரத்துக்கு இரண்டு முறை மாற்றினார். சிவப்பு ஜட்டி போட்டால் வண்டி ஓடுகிறது என்று ஒரு மாதம் நம்பினார், அந்த ஒரு மாதம் துவைப்பது எனக்குச் சிரமமாக இருந்தது. ஆனால் அவர் முட்டாள் இல்லை, பாய். ஏழெட்டு மாதத்தில் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். கணேஸ்வரன் வீட்டு விருந்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

"நான் கண்டுபிடிச்சிட்டேன்டா. வண்டியில ஒண்ணும் இல்ல. குமுதா மனசு நல்லா இருந்தா வண்டி ஓடும். அவ மனசுல ஏதாச்சும் இருந்தா ஓடாது. என் ராசியே அவதான்."

யாரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை தோறும் அவர்கள்தான் பார்க்கிறார்களே. அடுத்த வாரம் கணேஸ்வரனும் வீட்டில் துணி காயப்போட ஆரம்பித்தார் என்று அவர் மனைவி லெட்சுமி என்னிடம் சொன்னாள். "என்ன மாயம் செஞ்சீங்களோ தெரியல அக்கா, நேத்து காலையில அவரு எனக்குப் பசியாறச் செஞ்சு கொடுத்தாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நல்ல காரியம் தெருவுக்கே பரவுவதை அன்று கண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. எந்த மீன் வாங்கலாம் என்றால், "உனக்கு எது பிடிக்குமோ அது" என்பார். டிவியில் எது பார்க்கலாம் என்றாலும் அதே பதில். காலையில் என் முகத்தைப் பார்ப்பார், பெட்ரோல் முள்ளைப் பார்ப்பது போல. "மனசுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார். விசிலடிப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அதற்கு நான் தேதி போடவில்லை. ஆறு கிலோ இளைத்திருந்தார். வயது நாற்பதை நெருங்கும்போது இளைப்பது உடம்புக்கு நல்லதுதான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை நான் கனவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் பாதியில் கொட்டாவி விட்டார். அதற்காக இன்ஜின் ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் போகாதபடி வைத்தேன். கொட்டாவிக்கு அது கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு, எங்களோடு இருக்கும் என் மாமனார் ரெங்கசாமி, வீட்டுக்குப் பின்னால் மட்டை பொறுக்கப் போனவர், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாம்பு" என்றார். எழுபத்து நான்கு வயது. என் கணவர் அவரைத் தூக்கிப் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்து, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தார்.

வண்டி நாற்பதுக்கு மேல் போகவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டு எங்களை முந்தியது. பிறகு ஒரு டிராக்டர். மாமனார் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். "இந்த வேகத்துல போனா, அந்தப் பாம்பே நடந்து வந்து இன்னொரு தரம் கடிச்சிட்டுப் போயிரும்" என்றார்.

என் கணவர் மிதித்துக்கொண்டேயிருந்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"குமுதா, நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல. எதுவா இருந்தாலும் மன்னிச்சிரு."

"ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லு. எங்கப்பாவுக்காகச் சொல்லு."

"மன்னிச்சிட்டேன்."

அவர் மிதித்தார். வண்டி நாற்பதிலேயே போனது. சொன்னால் போதாது, கேபிள் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"மனசார சொல்லும்மா" என்றார். அழுதேவிட்டார். "உன் கால்ல வேணும்னாலும் விழறேன், மனசார சொல்லு."

நான் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிடம். சரியான டியூனில் பத்து நிமிடம். லேப்டாப் என் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்தால் அவர் பார்ப்பார். எடுக்காவிட்டால் மாமனார். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன், மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம் போகும் வரை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். முடிவெடுக்கத் தாமதமானதற்குக் காரணம், இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான்.

ரோட்டோரம் இளநீர் கடை ஒன்று வந்தது. "மாமாவுக்கு நாக்கு வறளுது, தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றேன். அவர் ஓடினார். நான் முன்சீட்டுக்குத் தாவி, கேபிளைச் செருகி, பட்டியலைத் திறந்தேன். நல்ல டியூனைத் தேட நேரமில்லை, பட்டியலின் தலையில் இருந்ததை அழுத்தினேன். அது கிள்ளான் பையனின் பழைய டியூன். மாதிரிக்காக வைத்திருந்தேன். பையை மூடித் திரும்பினால், மாமனார் கண் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புனிதன் வந்து மிதித்தார். மீதி உங்களுக்குத் தெரியும். அன்று அந்த வீரா போன மாதிரி அந்த ரோட்டில் எதுவும் போயிருக்காது. லோரியையும் டிராக்டரையும் திரும்ப முந்தினோம். சில்லறைச் சத்தம் முழு வழியும் கேட்டது, அவர் அழுகையும் சிரிப்புமாக "மன்னிச்சிட்டா, மன்னிச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். எட்டு நிமிடம். ஆஸ்பத்திரி வாசலில் மாமனாரை இறக்கினோம். வண்டி வெள்ளைப் புகை விட்டு அங்கேயே நின்றது. மூன்றாவது பிஸ்டன் உடைந்திருக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மன்னிப்பின் பலத்தை இன்ஜினால் தாங்க முடியவில்லை என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமனாரைக் கடித்தது விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு. ஊசி ஒன்று போட்டார்கள், மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை கோப்பியை நீட்டியபோது, மகன் கேட்காத தூரத்தில்தான் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு, "நாளையிலேர்ந்து ரெண்டு கரண்டி சீனி போடும்மா" என்றார். இனிப்புநீர் வியாதிக்காரர், நான்கு வருடமாக நான் அவருக்குச் சீனி கொடுத்ததில்லை. இப்போது போடுகிறேன். அரைக் கரண்டியை இரண்டு தடவையாக, அவர் கண்முன்னே போடுகிறேன். எண்ணிக்கையில் அவருக்குத் திருப்தி, அளவில் எனக்குத் திருப்தி.

இவ்வளவுதான், பாய். எல்லாம் என் வேலைதான். யாரையும் துன்பப்படுத்த வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவர் வேகமாகப் போய் எங்காவது மோதிவிடக்கூடாது என்பதுதான் ஆரம்பத்திலிருந்து என் கவலை. நீங்கள் அவரிடம் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். அவர் நம்புவாரா என்பது வேறு விஷயம்.

இதை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் பத்து நிமிடம் முன்னால் அவர் வேலையிலிருந்து போன் செய்தார்.

"குமுதா, நான் யோசிச்சேன். இன்ஜின் செய்ய வேணாம். வண்டியை அப்படியே வித்துடலாம். நீ மனசுல எதையும் வெச்சுக்கிட்டு இருக்கியோன்னு தினம் பயந்துக்கிட்டே ஓட்ட முடியல. வண்டி போனா போகுது. அது இல்லன்னாலும் நான் இப்படியேதான் இருப்பேன், துணி காயப்போடுவேன், உங்கம்மா வீட்டுக்கு வருவேன். வண்டிக்காகவா இதெல்லாம் செஞ்சேன்?"

வண்டி இல்லாவிட்டால் வேகமும் இல்லை, மோதலும் இல்லை. என் கவலை இதோடு தீர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் கேட்ட கேள்வியை நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். வண்டிக்காகவா, எனக்காகவா? இரண்டு வருடமாக இரண்டையும் ஒரே குழாயில் கலந்துவிட்டேன், இனிப் பிரித்துப் பார்க்க வழி தெரியவில்லை. வண்டியை விற்றுவிட்டு, கொடியில் துணி காய்கிறதா என்று ஒவ்வொரு காலையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புது பிஸ்டனை நல்லதாகவே போடுங்கள், பாய்.